கடைசி வயலுக்கு முதல் தண்ணீர்

காய்ந்த மண்ணைத் தண்ணீர் தொடும்போது எழும் வாசனை பேருந்துச் சன்னல் வழியாக வந்தது. பாறசாலை தாண்டி, களியக்காவிளைக்கு முந்திய நிறுத்தத்தில் வண்டி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. மார்கழி மாதம். சாலையை ஒட்டி வாய்க்கால் நிறைந்து ஓடியது. அதன் கரையில் இருந்த முதல் வயலோ வெடித்துக் கிடந்தது, பயிரின் நுனி மஞ்சளாகியிருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் வெளியூர். எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தண்ணி போகுது, பாய்ச்ச ஆளில்லை போலிருக்கு" என்றார். அது உன் வயல்.

என் மடியில் மறுநாள் நாகர்கோவிலில் படிக்கவேண்டிய கட்டுரை இருந்தது. சர்வதேசச் சட்டத்துக்கு ஓர் அரசியலமைப்பு உண்டா என்ற கேள்வியை மறுபடி எடுத்துப் பார்க்கும் கட்டுரை. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இருந்திருந்தால் அதைப் பிடுங்கி, கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, "முடிவுல ஒண்ணும் சொல்லல்லியே, ஏட்டி" என்று திருப்பித் தந்திருப்பாய். அது சரியான விமரிசனமாகவும் இருந்திருக்கும்.

நாம் சட்டம் படித்த காலத்தில் வகுப்பில் பெண்கள் நாலைந்து பேர்தான். நீ பாறசாலையில் பஸ் ஏறி எனக்கும் இடம் பிடித்து வைப்பாய். அதியன்னூரிலிருந்து நடந்து வந்து நெய்யாற்றின்கரையில் நான் ஏறுவேன். உட்காருவதற்குள் நீ தொடங்கிவிடுவாய்.

"உலகத்துக்கும் ஒரு அரசியலமைப்பு வந்தாச்சு, பாத்தியா? முதல் வரியே மக்கள்னு தொடங்குது. ராஜாக்கள்னு இல்ல."

"மீறினா யாரு பிடிப்பா?"

"நம்ம ஊர்ல மட்டும் எல்லாத்தையும் போலீசா பிடிக்குது? பிடிக்க ஆளில்லேன்னா சட்டம் செத்துப்போச்சுன்னு அர்த்தமா?"

"அஞ்சு பேருக்கு மட்டும் வீட்டோ குடுத்த அரசியலமைப்பு எந்த ஊர்ல உண்டு?"

ஒருநாள் நம் குரல் உயர்ந்துபோய், கண்டக்டர் பின்னாலிருந்து கத்தினார்: "வக்கீலம்மாமாரே, பாலராமபுரம் எறங்குற ஆளுக்கு வழி வேணும். அந்த ஐ.நா.வைக் கொஞ்சம் அங்கோட்டு நீக்கி வையுங்க." பஸ்ஸே சிரித்தது. நீயும் சிரித்தாய். நான் சன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

உன் வாதம் எளிதானது. ஐ.நா. சாசனக் கடமையும் வேறொரு உடன்படிக்கையின் கடமையும் மோதினால் சாசனமே மேலோங்கும் என்று அதிலேயே ஒரு பிரிவு இருக்கிறது. மேல், கீழ் என்று வந்துவிட்டால் அது அரசியலமைப்புதான் என்பாய். மேலே எழுதி வைத்தால் மட்டும் மேலே ஆகிவிடாது என்பேன் நான். இந்த இரண்டு வாக்கியங்களையும் நாம் இரண்டு வருஷம் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பிறகு எல்லைப் போராட்டம் சூடேறியது. தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்தபின் நம் பக்கத்திலும் எந்தக் கடைவாசலிலும் அதே பேச்சு. நெய்யாற்றின்கரைத் தாலுகா சென்னையோடு சேருமா, இங்கேயே நிற்குமா. ஒரே வீட்டில் அப்பா தமிழ்ப் பேப்பரும் மகன் மலையாளப் பேப்பரும் வாங்கினார்கள். மேடையில் ஏறிப் பேசுவது உனக்கு வராது. நீ ஒரு மனு எழுதினாய், ஐக்கிய நாடுகள் சபைக்கு. எங்கள் ஊர் எந்த மாநிலத்தில் இருக்க வேண்டும் என்பதை ஊர் மக்களிடமே கேட்க வேண்டும் என்று.

அதை உங்கள் சபையின் கோயில் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாசித்தாய். நான் பின்வரிசையில் இருந்தேன். வாசித்து முடித்ததும் ஒருவர் எழுந்து, "ஐ.நா. சபைக்காரன் வந்தா எங்க தங்குவான்?" என்று கேட்டார். இன்னொருவருக்கு வேறு கவலை: "அவனுக்குத் தமிழ் தெரியுமா, மலையாளமா?" மூலையிலிருந்து பதில் வந்தது: "ரெண்டும் தெரியாதவனைக் கூப்பிடணும் ஓய். அப்பதான் நியாயம் சொல்லுவான்." கூட்டம் சிரித்துக் கொண்டே கையெழுத்துப் போட்டது. கேலி செய்தவர்கள்தான் முதலில் பேனாவுக்குக் கை நீட்டினார்கள்.

பதில் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். ஒரு நாட்டின் உள்நாட்டு அதிகாரத்துக்குட்பட்ட விஷயத்தில் ஐ.நா. தலையிடாது என்றும் அதே சாசனத்தில் எழுதியிருக்கிறது. அதை உன்னிடம் முன்பே சொல்லியிருந்தேன். மறுபடி சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

நவம்பரில் கோடு போட்டார்கள். விளவங்கோடு அந்தப் பக்கம் போயிற்று, பாறசாலை இந்தப் பக்கம் நின்றது. அன்று உன் வீட்டுக்கு வந்தேன். நீ அழவில்லை. அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாய். "கோடு எங்கே போகுது தெரியுமா? நம்ம ஏலாவுக்கு நடுவில ஆக்கும்" என்றாய்.

ஏலா என்பது நம் பக்கத்தில் வயல்வெளிக்குப் பேர். உன் வீட்டுக்கு மேலே குளம். குளத்திலிருந்து ஒரு வாய்க்கால். அதில் முதல் வயல் உங்களுடையது, அடுத்தது கேசவபிள்ளையுடையது. பிறகு ஏழெட்டுப் பேர் வயல்கள். கடைசியில் தங்கையனின் வயல். கோடு தங்கையனையும் அவருக்கு முந்திய இரண்டு வயல்களையும் வெட்டித் தமிழ்நாட்டில் வைத்தது. குளம் கேரளத்தில் நின்றது.

அந்த ஏலாவில் ஒரு முறை இருந்தது. மழை நின்று குளம் இறங்கத் தொடங்கிவிட்டால், கடைசி வயலுக்குத்தான் முதல் தண்ணீர். அதற்கு அடுத்து அதற்கு மேல் வயல். இப்படி ஏறி ஏறி வந்து, குளத்தடியில் இருக்கும் முதல் வயலுக்குக் கடைசியில். மேலே இருப்பவர்கள் தங்கள் வயலுக்குள் தண்ணீர் நுழையும் வாமடையைத் தாங்களே மண் போட்டு அடைத்துக்கொள்வார்கள். யார் ஏற்படுத்தியது என்று யாருக்கும் தெரியாது. எங்கும் எழுதியிருக்கவில்லை. உன் அப்பா நோயில் படுத்தபின் அந்த வயலை நீதான் பார்த்துக்கொண்டாய், எனவே கடைசியாகத் தண்ணீர் குடிப்பது உன் முறை.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றியது. மார்கழியில் குளம் இறங்கியது. கேசவபிள்ளை தன் வயலுக்குக் கீழே வாய்க்காலின் குறுக்கே மண்ணை வெட்டிப் போட்டார். தென்னமட்டை வைத்து மிதித்து இறுக்கினார். கேட்டவர்களிடம், "கீழ வேற ஸ்டேட்டல்லே? நம்ம வெள்ளம் அங்கோட்டு எதுக்கு?" என்றாராம். நடுவில் இருந்தவர்களுக்கு, கோட்டின் இரு பக்கமும், வேறு கிணறு இருந்தது. அவர்கள் சண்டைக்கு வரவில்லை. கிணறில்லாதவர் தங்கையன். கதிர் பால் பிடிக்கும் நேரம்.

அவர் உன் முற்றத்தில் வந்து நின்றபோது நானும் இருந்தேன். துண்டைத் தோளில் போட்டபடி, கோபத்தைச் சிரிப்பாக்கிச் சொன்னார்: "வக்கீலம்மா, உலகத்துக்கே எழுதினியளே. கேசவபிள்ளைக்கு ஒண்ணு எழுதப்பிடாதா?"

கேலியாகத்தான் சொன்னார். நீ அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று ராத்திரி உட்கார்ந்து குளத்துக்கு ஒரு சாசனம் எழுதினாய். "இக்குளத்து மக்களாகிய நாங்கள்" என்று தொடங்கியது. முறை, விலக்கு, தகராறு வந்தால் யார் தீர்ப்பது, திருத்தம் எப்படி, எல்லாவற்றுக்கும் பிரிவு இருந்தது. குளக்கரையில் நின்று தமிழில் ஒருமுறை, மலையாளத்தில் ஒருமுறை வாசித்தாய். அரசியலமைப்பு என்றால் எழுதி மேலே வைப்பது என்று கற்றுவந்தவர்கள்தான் செய்யக்கூடிய காரியம் அது. மண்ணை அள்ளிப் போட்டால் தீரும் விஷயத்துக்கு முகவுரை எழுதினாய்.

கேசவபிள்ளை முழுக்கக் கேட்டார். "குட்டி நல்லா எழுதியிட்டுண்டு" என்றார். "ரெண்டு பக்கத்துத் தாசில்தாரும் ஒப்பிடட்டே. பின்னே நானும் ஒப்பிடாம்." கையெழுத்துப் போடுகிறேன் என்று அர்த்தம்.

நீ அதை நம்பி இந்தப் பக்கத்து அலுவலகத்துக்கு எடுத்துப் போனாய். சில நாள் கழித்து ஒரு உத்தரவு வந்தது. இது இரு மாநிலங்களுக்கிடையிலான நீர் விவகாரம், மேலிடத்து முடிவு வரும்வரை தற்போதுள்ள நிலையே தொடர வேண்டும் என்று. தற்போதுள்ள நிலை என்பது கேசவபிள்ளையின் மண். அதுவரை அது ஒரு மனிதரின் பிடிவாதம். உன் சாசனம் அதை அரசாங்க உத்தரவாக்கிவிட்டது.

உத்தரவை நீ என்னிடம் நீட்டினாய். "மேல யாரு இருக்கான்னு தேடிப் போனேன். மேல இருந்தவன் அடைச்சுட்டான்" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். நான் அதற்கு முன்னும் பின்னும் உன்னை அவ்வளவு களைத்துப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் நீ இல்லை. மாலையில் நான் பாறசாலை வரைக்கும் வந்தேன். ஏலாவில் கூட்டம். எவனோ வரப்பில் நின்று கூவினான்: "எலே, ஓடி வாங்கலே, ஐ.நா. சபை கூடியிருக்கு!"

நீ சேலையை இடுப்பில் செருகி மம்மட்டியோடு நின்றிருந்தாய். உன் வயலின் வாமடையை அடைத்திருந்தாய். அடுத்து, உன் எல்லை முடியும் இடத்தில், கேசவபிள்ளையின் வயலுக்கு மேலே, வாய்க்காலையும் அடைத்திருந்தாய். குளத்து மடையைத் திறந்து தண்ணீரை அதுவரை விட்டுப் பின் மூடியிருந்தாய். மடைக்கும் அந்த அடைப்புக்கும் இடையில் நீர் விளிம்பு வரை ஏறி நின்றது. உன் வயலுக்கும் இல்லை, அவர் வயலுக்கும் இல்லை.

கேசவபிள்ளை வந்தார். வேகமாக வந்தவர் உன் அருகில் வந்ததும் நடையைக் குறைத்தார்.

"எந்தா குட்டி இது? எனக்கு வெள்ளம் அடச்சோ?"

"எனக்கும்தான் அடைச்சிருக்கேன் அண்ணாச்சி. நல்லாப் பாருங்க."

"இது அக்ரமம்."

"அக்ரமந்தான். தங்கையன் உங்களுக்கு வேற ஸ்டேட்டுன்னா, நீங்க எனக்கு வேற வயலாக்கும். எனக்கு மேல யாரும் இல்ல. குளம் என் தலைமாட்டில கிடக்கு. நான் நெனச்சா எல்லாத்தையும் நானே குடிக்கலாம்."

"குடிச்சோ, ஆரு வேண்டான்னு சொன்னது?"

"முறை சொல்லுது. நான் கடைசி."

"உன் பயிரும் சாவும், மோளே."

"சாவும்" என்றாய். மம்மட்டியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாய்.

யாரும் அந்த அடைப்பைத் தொடவில்லை. அவருக்கு ஆள்பலம் இருந்தது. இரவில் வந்து ஒரே வெட்டில் திறந்திருக்கலாம். உத்தரவும் அவர் பக்கம் இருந்தது, அலுவலகத்துக்கும் போயிருக்கலாம். ஆனால் அதைக் கேட்கப் போனால் தன் மண்ணையும் சேர்த்துக் காட்ட வேண்டிவரும் என்று நினைத்தாரோ, உன் பயிர் முதலில் வெளுப்பதைப் பார்க்க முடியவில்லையோ, எனக்குத் தெரியாது. வாய்க்கால் கரையில் வந்து வந்து நின்றார் என்று மட்டும் கேள்விப்பட்டேன். கடைசியில் ஒரு காலையில், எல்லோரும் பார்க்க, தன் அடைப்பைத் தானே காலால் உதைத்துத் தள்ளினார். மேலே நீ வாய்க்காலை வெட்டித் திறந்தாய், தங்கையன் கீழே நின்றிருந்தார்.

"தமிழ்நாட்டுக்குத் தரலே" என்று கேசவபிள்ளை சத்தமாகச் சொன்னாராம். "தங்கையனுக்காணு தருந்நது. அது எல்லாரும் கேட்டோ."

"கேட்டோம், கேட்டோம். தண்ணிக்குக் காது இல்ல அண்ணாச்சி, அது வரட்டும்" என்றாராம் தங்கையன்.

தங்கையனுக்குப் பாதிக்கு மேல் தேறியது. உன் வயலில் பதர்தான். அப்பா படுக்கையிலிருந்தே உன்னைத் திட்டினார்.

நான் உன்னைப் பாராட்டவில்லை. நம் புத்தகங்களில் இதற்குப் பேர் பதிலடி நடவடிக்கை, அரசியலமைப்பு இல்லை என்றேன். ஒருவன் முறையை மீறினான், நீயும் மீறி அவனுக்கு வலிக்கச் செய்தாய். வல்லரசுகள் தினமும் செய்கிற வேலைதான். நீ விடவில்லை.

"அவருக்கு அடைச்சது பதிலடி. சரி. அதுக்கு முன்னால என் வாமடையை அடைச்சேனே. அதுக்கு உன் புத்தகத்தில என்ன பேரு?"

அதற்கு ஒரு பேர் தேடிப் பல வருஷம் படித்திருக்கிறேன். தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் அரசு என்று ஒரு பழைய கோட்பாடு உண்டு. கட்டிக்கொண்டவனே அவிழ்த்தும் கொள்ளலாமே என்பது அதற்கு வழக்கமான மறுப்பு. அந்த மறுப்பை நானும் வகுப்பில் சொல்லிவருகிறேன். இப்போது, எந்த உடன்படிக்கையாலும் மீற முடியாத நெறிகள் சில உண்டு என்று நாடுகள் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கின்றன. நீ இருந்தபோதே வந்தது அது. "பாத்தியா, மேல் கீழ் வந்துட்டு" என்று நீ துள்ளுவாய் என எதிர்பார்த்தேன். "அதை யாரு முதல்ல தனக்கு அடைச்சுக்கிட்டான்னு எழுதியிருக்கா?" என்று மட்டும் கேட்டாய். எழுதியிருக்கவில்லை.

நம் துறையில் அரசியலமைப்பைத் தேடுகிறவர்கள் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். எந்த நீதிமன்றம், எந்தப் பிரிவு, எது எதைவிட உயர்ந்தது. நான் ஐயப்பட்டதும் மேலே பார்த்துத்தான், அங்கே ஒன்றும் தெரியவில்லை என்பதால். உன் ஏலாவில் உயர்ந்தவர் யாரும் இல்லை. குளத்தடியில் இருந்தவர் கடைசியில் குடித்தார் என்பது மட்டும் இருந்தது. எடுக்கக்கூடியவரின் கையில் வரிசை தொடங்கவில்லை, அங்கே போய் முடிந்தது. இதை உலகத்துக்கு நீட்டிப் பேச எனக்குத் தயக்கம் உண்டு. அங்கே மேல்மடைக்காரர்கள் ஐந்து பேர். அவர்கள் தங்கள் வாமடையைத் தாங்களே அடைத்ததாக நான் எங்கும் படித்ததில்லை. ஆனாலும் எங்கே போய்த் தேட வேண்டும் என்ற கேள்வி எனக்கு இடம் மாறிவிட்டது. அது உன்னால்.

பிறகு நீ நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் வக்கீலாக இருந்த வருஷங்களிலெல்லாம் குளம் இறங்கும்போது உன் வயல் கடைசியாகத்தான் நனைந்தது. கேசவபிள்ளை இறந்தபின் அவர் மகனும் முறையைக் காத்தான். ஒருமுறை உன்னிடம் சொன்னேன், இதை நீ மறுபடி எழுதி வைக்க வேண்டும் என்று. இந்த முறை நான்தான் எழுத்தின் பக்கம் நின்றேன்.

"எழுதினா ஆபீசுக்குப் போகும், மக்கா."

"எழுதலேன்னா நீ இருக்கிற வரைக்கும்தான் இருக்கும். பொறவு செத்துப்போகும்."

"அப்ப சாவட்டும். நான் போன பொறவுதானே தெரியும், அது என்னோட பிடிவாதமா, ஊரோட முறையான்னு."

இது நீ என்னிடம் விட்டுப்போன கேள்வி. உன் அடக்கத்துக்கு வந்தபோது வயலைப் பற்றி யாரிடமும் விசாரிக்கத் தோன்றவில்லை. உன் தம்பி மகன் கையில் போயிற்று என்று தெரியும். அவன் பாறசாலையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். உன்னைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது எனக்குத் தெரியாது.

ஆகவே அன்று பேருந்திலிருந்து அந்த வயலைப் பார்த்ததும் நான் முதலில் நினைத்தது பக்கத்து இருக்கைக்காரர் நினைத்ததைத்தான். பார்க்க ஆளில்லை. கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு வயல் எதற்கு. நான் சந்தேகப்பட்டே பழகியவள். காய்ந்த வயலுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், உன் காரணம் அதில் ஒன்றுதான்.

வண்டி நகரத் தொடங்கியது. வாய்க்கால் வயலைத் தொடும் இடம் சன்னலுக்கு நேரே வந்தது. வாமடை அடைத்திருந்தது. பழைய மண் இல்லை. அன்று காலை வெட்டி வைத்த மண், மம்மட்டியின் பின்புறத்தால் தட்டிய இடம் ஈரத்தில் இன்னும் மின்னியது. அதற்குக் கீழே கேசவபிள்ளை வீட்டார் வயலின் வாமடையும் அப்படியே. தண்ணீர் இரண்டையும் தொடாமல் கோட்டின் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

களியக்காவிளை வந்தது. செக்போஸ்ட்டில் வண்டி நின்றது. கட்டுரையின் கடைசிப் பக்கத்தை எடுத்து, "அத்தகைய அரசியலமைப்பு இல்லை" என்று தட்டச்சு செய்திருந்த வரியை அடித்தேன். அதற்குப் பதிலாக எதையும் எழுதவில்லை. நாளை மேடையில் அந்த இடத்தில் நின்று, ஒரு குளத்தைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பக்கத்து இருக்கைக்காரரிடம் திரும்பினேன். அவர் தாம் சொன்னதை மறந்துபோயிருந்தார். பரவாயில்லை, நான் சொன்னேன்:

"அந்த வயலுக்கு ஆள் உண்டு."